சில்லின் பருமனும் எரிபொருட் செலவும்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது பழமொழி. வண்டிக்குத் தக்க சில்லு வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக் கொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிக்கப் வண்டி வைத்திருப்போர் சிலர், வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றிலும் உயரமும் அகலமும் பாரமும் மிக்க டயர்களைப் பூட்டுகின்றனர். வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நிற்கிறது. மணலானாலும் சேறானாலும் துணிந்து இறங்கலாம் என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. ஆனால், அந்தக் கம்பீரத்துக்கு ஒவ்வொரு நாளும் எரிபொருளாகக் கொடுக்க வேண்டிய விலை என்ன? அது எவ்வாறு உண்டாகிறது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

எரிபொருளின் அருமையைக் குடாநாட்டாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலத் தடைகளினால் பெற்றோலும் டீசலும் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலின் உதவியாற் புறப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. பின்னர், 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் பீடித்த பொருளாதார நெருக்கடியின்போது, எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கிற் காத்து நின்றன. அவ்வாண்டு யூலை மாதத்தில் வாராந்தப் பங்கீடு வகுக்கப்பட்டது. தொடக்கத்திலே வான் ஒன்றுக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன.

லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 20 லீற்றர் என்பது 200 கிலோமீற்றர்ப் பயணமாகும். அதில் நூற்றுக்கு 10 வீதம் வீணானால் 20 கிலோமீற்றர் குறைந்துவிடும். சுன்னாகச் சந்தையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போய் மீளும் தூரம் ஏறத்தாழ அவ்வளவே. வெங்காயமோ மரக்கறியோ ஏற்றி விற்றுப் பிழைப்பவருக்கு, வாரத்தில் ஒரு சந்தைப் பயணம் இல்லாமற் போவது சிறிய காரியம் அன்று. பங்கீடு வரலாம், போகலாம். இந்தக் கணக்கு மாறுவதில்லை.

இனி, டயர் எரிபொருளை உண்ணும் விதத்தைப் பார்ப்போர் முதலிற் கவனிக்க வேண்டியது உருளும் தடை. ஓடும் டயரின் அடிப்பகுதி நிலத்தைத் தொடும்போது நசுங்கித் தட்டையாகிறது. மேலெழும்போது பழைய வளைவை அடைகிறது. நசுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயர் சுடுவதற்குக் காரணம் இதுவே. அந்தச் சூடெல்லாம் எரிபொருட் தாங்கியிலிருந்து வந்த சூடுதான்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. சில்லின் உயரம் கூடுவதனால் மட்டும் இந்தத் தடை கூடுவதில்லை. ஒரே இறப்பர், ஒரே அமைப்பு எனின், பெரிய சில்லு சற்று இலகுவாகவே உருளும். மாட்டு வண்டிக்கு ஆள் மார்பளவு உயரமான சில்லு பூட்டிய முன்னோர் குழியிலும் மேட்டிலும் அதன் பயனைக் கண்டவர்கள். ஆனால், பிக்கப் வண்டிக்கென விற்கப்படும் பெரிய டயர் உயரத்தில் மட்டும் பெரியது அன்று. அதன் இறப்பர் தடித்தது. சேற்றைப் பற்றுவதற்காகப் பெரிய கட்டிகளும் ஆழமான பள்ளங்களும் உடையது. தார் வீதியில் அந்தக் கட்டிகள் ஒவ்வொன்றும் வளைந்து நெளிந்து சக்தியை வெப்பமாக்குகின்றன. நல்ல வீதியிற் சாதாரண டயரின் உருளும் தடை, வண்டியின் பாரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இரண்டு தொன் வண்டியை 20 கிலோ பாரம் எப்பொழுதும் பின்னே இழுத்துக்கொண்டிருப்பதற்கு அது சமம். சேற்றுக்கென ஆக்கப்பட்ட டயரில் அது 30 கிலோவாக உயர்ந்தாலும் வியப்பில்லை. உருளும் தடையை நூற்றுக்கு 10 வீதம் குறைத்தால் எரிபொருளில் 1 முதல் 2 வீதம் வரை மிச்சமாகும் என்று 2006 ஆம் ஆண்டில் அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே, தடை ஒன்றரை மடங்கானால் 5 முதல் 10 வீதம் வரை செலவு ஏறும் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, பாரம். வண்டியின் தட்டில் ஏற்றிய ஒரு கிலோ முன்னோக்கி மட்டுமே செல்கிறது. சில்லின் ஓரத்திலுள்ள ஒரு கிலோவோ முன்னோக்கியும் செல்கிறது, சுற்றிலும் சுழல்கிறது. எனவே வேகம் பெறும்போது, அதற்கு ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குரிய சக்தியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. டயர் ஒன்றுக்கு 8 கிலோ கூடினால் நான்குக்கும் 32 கிலோ. புறப்படும் ஒவ்வொரு தடவையும் அது 64 கிலோவைப் போல நடந்துகொள்கிறது. கூலி கொடாத ஆள் ஒருவர் எந்நேரமும் வண்டியிலே ஏறியிருப்பதற்கு இது ஒப்பாகும். நேரான வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது இந்தச் சுழற்சிச் சுமை தோன்றாது. ஆனால், காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம் என்று சந்திக்குச் சந்தி நின்று நின்று செல்லும் வண்டியில், பிறேக்கை மிதிக்கும்போதெல்லாம் சேர்த்து வைத்த சக்தி வெப்பமாகிவிடுகிறது. மீண்டும் புறப்படுகையில் அதை எஞ்சின் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

மூன்றாவது, கியரின் கணக்கு. எஞ்சினின் வலிமைக்கும் சில்லின் உயரத்துக்கும் பொருத்தம் பார்த்தே கியர்கள் அமைக்கப்பட்டுள்ளன. சில்லு நூற்றுக்கு 10 வீதம் உயர்ந்தால், அதே இழுவையைப் பெற அச்சுக்கு 10 வீதம் கூடுதலான முறுக்கு விசை வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி திணறுகிறது, சாரதி கீழ்க் கியருக்கு இறங்குகிறார், எஞ்சின் இரைகிறது. வெறுமையான வண்டி ஏ9 வீதியில் நிதானமாக ஓடும்போது எஞ்சின் மெதுவாகச் சுழல்வதனால் ஒரு சிறு மிச்சம் கிடைப்பதும் உண்டு. ஆயினும் சுமை ஏற்றுவதற்காகவே வாங்கப்பட்ட வண்டி வெறுமையாக ஓடும் நேரம் குறைவே. மேலும், பெரிய சில்லை நிறுத்துவதற்குப் பிறேக்கும் அதற்கேற்பக் கூடுதலாக உழைக்க வேண்டும். உயர்ந்து நிற்கும் வண்டி காற்றையும் மிகுதியாக எதிர்கொள்ளும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், ஊருக்குள் அது பெரிதன்று. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரமுள்ள கொழும்புப் பயணத்திலே அது கணக்கில் ஏறும்.

இவ்வளவும் உண்மையாயினும், டயரை மாற்றியோர் சொல்லும் நட்டக் கணக்கு பல வேளைகளிற் பிழையாக இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. தூரமானி வீதியை அளப்பதில்லை. சில்லு எத்தனை தடவை சுழன்றது என்பதையே தூரமாக மாற்றிக் காட்டுகிறது. அகலம் 205 மில்லிமீற்றரும், பக்கச்சுவர் அதில் நூற்றுக்கு 70 வீதமும், றிம் 15 அங்குலமும் கொண்ட டயரின் விட்டம் 668 மில்லிமீற்றர். அதே றிம்மில் 235 மில்லிமீற்றர் அகலமும் 75 வீதப் பக்கச்சுவரும் உடைய டயரைப் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றராகும். இதனால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கிட்டத்தட்ட நூற்றுக்கு 10 வீதம் கூடுதலான தூரம் செல்கிறது. தூரமானி அதை அறியாது. முன்னர் 10 லீற்றருக்கு 100 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்பொழுது 80 என்று காட்டினால், உண்மையிற் சென்றது ஏறத்தாழ 88. நட்டம் நூற்றுக்கு 20 அன்று, 12. வேகமானியும் இவ்வாறே ஏமாற்றும். முள் 50 இல் நிற்கையில் வண்டி 55 இல் ஓடும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அந்த ஐந்து கிலோமீற்றர் உயிரோடு தொடர்புடைய வேறுபாடாகலாம்.

அப்படியாயின் பெரிய டயர் வீணோ எனின், அன்று. வடமராட்சி கிழக்கிலே மணற்காடு முதலிய கரையோரங்களுக்கு நாள்தோறும் சென்று மீன் ஏற்றுபவருக்கு அது தேவையான கருவி. ஒடுங்கிய டயர் மணலை வெட்டிக்கொண்டு புதையும்; புதைந்த சில்லைச் சுழற்றுவதிற் போகும் எரிபொருளுக்கு அளவில்லை. அகன்ற டயர் பாரத்தைப் பரப்பி மேலே மிதக்கும். மாரி காலத்தில் தென்மராட்சி வயல்களுக்குள் இறங்குபவருக்கும் இது பொருந்தும். ஆனால், மாதத்தில் ஒரு தடவை மணலுக்குப் போவதற்காக, மற்ற நாட்களெல்லாம் தார் வீதியில் அதற்கு வரி செலுத்துவது அறிவுடைமையாகாது. அத்தகையோர் உள்ள டயரிலேயே காற்றைச் சற்றுக் குறைத்து மணலில் மெதுவாகச் சென்று, தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் அடித்துக்கொள்ளலாம். அதை அடிக்க மறத்தல் கூடாது. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தம் குறையுந்தோறும் நூற்றுக்கு 0.2 வீதம் எரிபொருள் வீணாகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. பத்து இறாத்தல் குறைந்தால் நட்டம் 2 வீதம். அதற்கு மேலாக, டயர் சூடேறி வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே டயரை மாற்ற எண்ணுவோர் முன்னும் பின்னும் அளந்து பார்த்தல் நன்று. வீதியோரத்துக் கிலோமீற்றர்க் கல் ஒன்றிலிருந்து பத்தாவது கல் வரை சென்று தூரமானியைப் பார்த்தால் அதன் பிழை தெரிந்துவிடும். பத்துக்கு ஒன்பது என்று காட்டினால், பின்னர் காட்டும் ஒவ்வொரு ஒன்பதையும் பத்தாகக் கொள்ள வேண்டும். தாங்கியை நிரப்பி, இரண்டு வாரம் வழக்கம்போல் ஓடி, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்பி, திருத்திய தூரத்தை லீற்றரால் வகுத்தால் உண்மை விடை கிடைக்கும். அந்த விடையோடு, மாதத்தில் எத்தனை நாள் மணல், எத்தனை நாள் தார் வீதி என்பதையும் எழுதி வைத்துப் பார்ப்பவர், தமது வண்டிக்கு எந்த டயர் ஏற்றது என்பதைப் பிறரைக் கேளாமலே தீர்மானித்துக் கொள்வர்.