தோப்புக் கொட்டகையும் பூமி அதிர்ச்சியும்

(மார்க்கையன்கோட்டையில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல் நடவைப் பற்றியோ, வாழைக்கு உரமிடுவதைப் பற்றியோ நாம் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். பூமி அதிர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டொருவர் புன்னகை செய்ததைக் கவனித்தோம். அதில் தவறில்லை. ஆற்றில் வெள்ளம் வரக் கண்டிருக்கிறோம். கிணறு வற்றக் கண்டிருக்கிறோம். பூமி அசைந்து சுவர் விழக் கண்டவர் நம்மிடையே இருப்பதாகத் தெரியவில்லை.

ஆயினும் நமக்கு மேற்கேயுள்ள மலை முற்றிலும் உறங்கிக் கிடப்பதன்று. 1988-இல் இடுக்கிப் பகுதியில் பூமி அதிர்ந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கோட்டயம், இடுக்கிப் பகுதியில் ரிக்டர் அளவில் ஏறத்தாழ 5 உள்ள அதிர்ச்சி ஏற்பட்டது. 2011-இல் அங்கே பலமுறை சிற்றதிர்வுகள் உண்டானபோது நமது பள்ளத்தாக்கில் எவ்வளவு பேச்சும் கலக்கமும் எழுந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அணையைப் பற்றிய வாதத்திற்குள் இன்று நாம் புகப்போவதில்லை. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நேர்ந்ததோ இவற்றினும் பெரிது, ஏறக்குறைய 6. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் முப்பது மடங்குக்கு மேல் கூடும்.

மகாராஷ்டிரத்து லாத்தூர்ச் சீமையும் பூமி அசையாத இடம் என்றே கருதப்பட்டு வந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன், மக்கள் உறங்கிக்கொண்டிருக்கையில், கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் இடிந்தன. மாண்டவர் 8,000 முதல் 10,000 பேர் வரை என்பர். அவர்களைக் கொன்றது பூமியன்று. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவரும், கூரைமேல் ஏற்றிய மண்பாரமுமே. சுவரின் உள்முகமும் வெளிமுகமும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல், இரண்டு தனிச் சுவர்களைப்போல் பிரிந்து சரிந்தன.

நமது தோப்புகளிலுள்ள பழைய கொட்டகைகளில் எத்தனை அவ்வாறு கட்டப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சீர்செய்கிறோம், மோட்டாரும் மண்வெட்டியும் கிடக்கும் கொட்டகைதானே என்று அதை விட்டுவிடுகிறோம். காவல்காரர் உறங்குவது அங்கேதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதைச் சொல்ல நமக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நமது தந்தையாரின் தோப்புக் கொட்டகையில் பரண்மேல் தெளிப்பான், அரை மூட்டை யூரியா, கடப்பாரை ஆகியவற்றைப் போட்டுவைத்திருந்தோம். ஓர் இரவு பூனை தாவியதில் கடப்பாரை நழுவி, காவல்காரப் பெரியவரின் கயிற்றுக்கட்டில்மீது நட்டுக்குத்தாய் விழுந்தது. அவர் தண்ணீர் திருப்ப எழுந்து போயிருந்தார். பூனைக்கே இந்தப் பாடென்றால் பூமி அசைந்தால் என்னாகும்? பெரியவர் நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் கட்டிலைத் தூக்கிப் புளியமரத்தடியில் போட்டுக்கொண்டார்.

ஆகவே, முதற்காரியம் பரணைக் காலி செய்வது. கனமானவை அனைத்தும் தரைக்கு வரட்டும். கடப்பாரையைத் தரையில் பதித்த குழாய்த்துண்டுக்குள் நிறுத்தலாம். அரிவாளின் வாயைச் சாக்கில் பொதிந்து, இடுப்பளவு உயரத்தில், ஆணியிலன்றி வளைந்த கொக்கியில் மாட்டவேண்டும். பலகைத் தட்டின் முன்னால் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்தால் சாமான் உருளாது. பூச்சிமருந்துப் புட்டிகளை மணல் பரப்பிய பெட்டியில், பூட்டின் கீழ் வையுங்கள். குடிநீர்ப் பானையும் டீசல் தகரமும் அதன் அருகே வேண்டா. உரமூட்டைகளை ஆளுயரத்திற்கு ஏற்றாமல் தாழ்வாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குக.

ஆடிக்காற்றுக்கு அஞ்சித் தகரக்கூரைமேல் கல் ஏற்றிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிர்ச்சியில் ஓடிவருபவன் தலையில் வாசலிலேயே விழுவது அந்தக் கல்தான். கல்லை இறக்கிவிட்டு, கொக்கி போல்ட்டு போட்டுத் தகரத்தைச் சட்டத்தோடு பிணையுங்கள், செலவு அதிகமில்லை.

புதிதாகக் கற்சுவர் கட்டுவோர், சுவரின் முழுக்கனத்திற்கும் ஊடுருவிச் செல்லும் நீண்ட கல்லை, உயரத்தில் இரண்டடிக்கு ஒன்றும் நீளத்தில் நாலடிக்கு ஒன்றுமாக வைக்கும்படி கொத்தனாரிடம் வற்புறுத்துக. பழைய சுவராயின், ஆங்காங்கே ஒவ்வொரு கல்லாக எடுத்துத் துளையிட்டு, கொக்கி வளைத்த கம்பியைச் செலுத்தி, சிமெண்டுக் கான்கிரீட்டால் அடைக்கலாம். தேர்ந்த கொத்தனாரைக்கொண்டே செய்யவேண்டும்.

இன்னொன்று. அதிர்ச்சிக்குப் பின் இடிபாட்டில் சிக்கியவரை முதலில் மீட்பவர் அண்டை அயலார்தாம். அரசாங்க வண்டி வந்துசேர நேரமாகும். அப்போது வேண்டியவை கடப்பாரை, மண்வெட்டி, கைரம்பம், வடக்கயிறு, ஏணி. நிலை கோணிக் கதவு இறுகிவிட்டால் இவை உள்ளே இருந்தும் பயனில்லை. ஆதலால் ஒரு தொகுதியைக் கொட்டகைக்கு வெளியே தனியாகக் கல்தூணில் வைத்திருங்கள். களவு போகாதா என்று ஒரு பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. சங்கிலியிட்டுப் பூட்டி, திறவுகோலை இரண்டு வீட்டில் கொடுத்துவையுங்கள்.

பூமி அசையும்போது தோப்பிலிருந்தால் கொட்டகைக்குள் ஓடவேண்டா. தென்னையடியையும் மின்கம்பியையும் கிணற்று விளிம்பையும் விட்டு விலகி வெளியில் அமர்ந்துகொள்க. நின்றபின் உள்ளே புகாமலே மின்சாரத்தைத் துண்டிக்க, மெயின் சுவிட்சு வெளிச்சுவரில் எட்டும்படி இருக்கவேண்டும். கம்பியையும் ஸ்டார்ட்டரையும் மின்பணியாளர் சோதிக்குமுன் மோட்டாரை ஓட்டாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் ஆற்றுப்பக்கத் தோப்பு ஒன்றில் இவற்றைச் செய்து காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். கொக்கிகளும் ரீப்பரும் ஒரு கொத்தனாரும் அங்கே காத்திருக்கின்றனர். இருட்டுமுன் புறப்படுவோம்.