கடன் வாங்கிய சின்னம்

(மாமல்லபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

வர்ற வழியில அர்ச்சுனன் தபசுப் பாறைகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். அதுல ஒரு பூனை இருக்கு, பார்த்திருப்பீங்க. ஒத்தக்கால்ல நின்னு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம் பண்ணுது. காலடியில எலிகள். பல்லவன் காலத்துச் சிற்பி அதைக் கேலியாகச் செதுக்கினானா, கதைக்காகச் செதுக்கினானா தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் சேரிக்கு வந்து சமபந்தி உட்காருகிற பெருங்கட்சிக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்துவிடும்.

இப்படிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். போன கூட்டத்தில் அதைத்தான் செய்தோம். நம் வட்டத்துக்கு வருகிற ஒரு தம்பி, சிற்பப் பட்டறையில் கல் இழைக்கிற வேலை பார்க்கிறவர், எழுந்து ஒரு கேள்வி கேட்டார். 'பெரிய கட்சியில ஆதிதிராவிடர் அணிக்கு ஒன்றியப் பொறுப்பு தர்றேங்குறாங்க. போகலாமா அண்ணே?' பதிலுக்கு நாம் என்ன சொன்னோம்? ஒருவர் 'கைக்கூலி' என்றார். இன்னொருவர் 'பூனா ஒப்பந்தத்தின் பிள்ளை' என்றார். நானும் சிரித்தேன். தம்பி அன்றைக்குத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இன்றைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சு முதலில் அவருக்கு.

தலித் விடுதலையைப் பேசுகிறவர் ஒரு பெருங்கட்சிக்குள் இருந்து வேலை செய்ய முடியுமா என்பது நமக்குப் புதிய கேள்வியில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1890களிலேயே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். காங்கிரஸ் கேட்ட சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவில் நடத்தினால் அதிகாரம் முழுக்க ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போகும் என்று, ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தவர். தனியாக நின்றார்.

எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். நீதிக்கட்சிக்குள் போனார். 1921இல் புளியந்தோப்பில் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிக் கலவரம் வந்தபோது அந்தக் கட்சித் தலைமை யார் பக்கம் நின்றது என்பதை உள்ளே இருந்து பார்த்தார், 1923இல் வெளியேறினார். அவர் வாழ்க்கையில் நமக்கு இன்னும் தேவையான பாடம் 1938இல் இருக்கிறது. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு, ஈடாக இடங்களின் எண்ணிக்கையை 71இலிருந்து 148ஆக உயர்த்தியது. சென்னை மாகாணத்துக்கு 30. அதில் 26 இடங்களை 1937 தேர்தலில் காங்கிரஸ் பிடித்தது. அடுத்த ஆண்டு ராஜா சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு, மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும் என்று நின்றது. காங்கிரசில் வென்ற நம் ஆட்கள் கட்சியோடு நின்றார்கள். மசோதா தோற்றது. அவர்களுக்குக் கோயில் வேண்டாமென்றா நினைக்கிறீர்கள்? அப்படி இருந்திருக்காது. அவர்களை அங்கே அனுப்பியது சேரியின் வாக்கு இல்லை, ஊரின் வாக்கு. 30 பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டலாம்; 30 குரல் இருந்ததா?

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்துவது சத்தியவாணி முத்து. அவரைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. 1949இல் தி.மு.க. தொடங்கிய நாளிலிருந்து உடன் இருந்தவர். சிறை சென்றவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் ஆதிதிராவிடர் நலம், அன்றைய சொல்லில் அரிசன நலம், அவர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர். குடிசைக்குள் எரிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம்மிலிருந்து போன ஒரு பெண், நமக்கான துறையின் நாற்காலியில் அந்த இரவில் இருந்தார். அந்த நாற்காலியால் என்ன செய்ய முடிந்தது? இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அமைச்சர் பதவிக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் சொல்கிறேன். 1974இல் கட்சி தாழ்த்தப்பட்டோரைக் கைவிட்டுவிட்டது என்று சொல்லி வெளியேறினார். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சி கண்டார். பிறகு என்ன ஆயிற்று? 1977இல் அதை அ.தி.மு.க.வில் கரைத்தார். மாநிலங்களவை கிடைத்தது, 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் ஒன்றிய அமைச்சர் பதவியும் கிடைத்தது. ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவர் தெருவில் நிற்க முடியாமல் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போன மாதிரி. தெருவில் அவரோடு நிற்க அன்றைக்கு ஒரு இயக்கம் இல்லை. அந்தக் குற்றத்தில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு.

உடனே ஒரு தோழர் கேட்பார், 'அம்பேத்கர் நேரு மந்திரிசபையில இருந்தாரே?' இருந்தார். வங்கத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டல் போன்றவர்களின் உழைப்பில் அரசியல் நிர்ணய சபைக்குப் போனவர், பிரிவினையில் அந்த இடம் போனபிறகு, 1947இல் காங்கிரஸ் ஆதரவில் பம்பாயிலிருந்து மறுபடி உள்ளே வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் போனது அமைச்சரவைக்குள், கட்சிக்குள் இல்லை. ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைக் கலைத்துவிட்டுப் போகவில்லை. இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதும் 1951இல் எழுந்து வர முடிந்ததற்கு அதுதான் காரணம். அதற்கு விலையும் கொடுத்தார்: 1952இல் பம்பாயில் தோல்வி, 1954 பண்டாரா இடைத்தேர்தலில் தோல்வி, இரண்டு முறையும் காங்கிரசிடம். தனியாக நிற்பதைப் பற்றிக் கவிதை எழுதுவது எனக்குச் சுலபம். அம்பேத்கரே தோற்ற தேர்தலில் நான் நின்றதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இயக்கத்தை, அவர் மறைவுக்குப் பிறகு 1990இல் திருமாவளவன் ஏற்றார். பத்தாண்டுகள் தேர்தல் புறக்கணிப்பு. அந்த ஆண்டுகளில் சேரிகளில் நடந்த திரளலை என் அப்பா இன்னும் கண் விரியச் சொல்வார். கூடவே கொடியங்குளம், மேலவளவு, தாமிரபரணி. முதலாவது அ.தி.மு.க. ஆட்சியில், மற்ற இரண்டும் தி.மு.க. ஆட்சியில். 1999இல் புறக்கணிப்பைக் கைவிட்டு மூப்பனாரோடு கூட்டணி. 2001இல் தி.மு.க. கூட்டணியில் உதயசூரியன் சின்னம். மங்களூரில் திருமாவளவன் வென்றார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் வங்கியில் எழுத்தராக இருக்கிறவன். கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிப்பது என் பிழைப்பு. சின்னம் என்றால் வெறும் படம், எழுதப்படிக்கத் தெரியாத சனங்களுக்கு ஓர் அடையாளம் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, 1985இல் வந்தது, என்ன சொல்கிறது? எந்தக் கட்சியின் வேட்பாளராக நின்று வென்றீர்களோ அந்தக் கட்சியின் உறுப்பினர் நீங்கள். அதன் கொறடா சொல்கிறபடிதான் வாக்கு. மீறினால் பதவி போகும். வேறு இயக்கத்துக்குத் தலைவர் என்பதெல்லாம் அவைக் குறிப்பில் வராது. இரவல் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் கண்ணில் சூரியன் கட்சிக்காரர்தான். 2004இல் திருமாவளவன் அந்தப் பதவியை உதறினார். அது வீரம் என்று பலர் எழுதினார்கள். வீரமும் உண்டு, ஆனால் கடனைத் தீர்க்க வேறு வழியே இல்லை என்பதும் உண்மை. பொருளை வைத்தால் அடகு. இதில் ஆளையே வைக்கிறோம்.

பிறகு இந்தப் பாடத்தைக் கட்சி மெதுவாகக் கற்றது. 2019இல்கூட விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நிற்க வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்று 3219 வாக்கில் தப்பினார். 2021இல் ஆறு இடத்திலும் பானை. நாலு வெற்றி. அதில் ஒன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர். இன்னொன்று பக்கத்துச் செய்யூர். செய்யூர் தனித்தொகுதி. திருப்போரூர் பொதுத்தொகுதி! பொதுத்தொகுதியில் சேரியின் கட்சி, தன் சொந்தச் சின்னத்தில், பா.ம.க.வை எதிர்த்து, இரண்டாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில். வாக்கு எண்ணிக்கை அன்றைக்கு எங்கள் தெருக் கிழவிகள் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தேன். 2024இல் இரண்டு மக்களவை இடமும் பானையில் வென்று, மாநிலக் கட்சி என்ற அங்கீகாரமும் வந்தது.

அப்படியானால் கூட்டணி சரி, கரைவது தப்பு, பேச்சு முடிந்தது என்று எழுந்துவிடலாமா? முடியாது. 2011இல் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒரே கூட்டணி மேடையில் இருந்தார்கள். 2012இல் தர்மபுரி நாய்க்கன்கொட்டாய் எரிந்தது. 2013 ஏப்ரல் 25, இதே மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. அதற்கு வந்த வண்டிகள் போன வழியில் மரக்காணத்தில் நம் குடிசைகள் எரிந்தன. தலைவர்கள் கை கோத்துக்கொண்ட மேடை, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு அடிகூட நிலத்தைச் சமப்படுத்தவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம். 2025 சனவரியில் குற்றப்பத்திரிகை வருகிறது, பாதிக்கப்பட்ட அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மேல்! கட்சி அதை ஏற்கவில்லை, மத்தியப் புலனாய்வு கேட்டது. இரவல் சின்னத்தில் இருந்திருந்தால் அந்தக் கண்டனத்துக்கே வாய் எழும்பியிருக்காது. சரி. கண்டனத்துக்குப் பிறகு கூட்டணி அதன்பாட்டுக்குப் போனது. சொந்தச் சின்னம் வாயைத் திறந்து கொடுத்தது, கையை இல்லை.

கை எங்கே இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால்தான் அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருடம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் காரணையில் திருப்பிக் கேட்டுத்தான் 1994இல் சனங்கள் திரண்டார்கள். அக்டோபர் 10, செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் விழுந்தார்கள். அந்தத் திரளை எந்தப் பெருங்கட்சியின் ஆதிதிராவிடர் அணியும் கூட்டவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இன்றைக்கு மதில் எழுப்பி விடுதி கட்டியிருக்கிறார்களே, அதற்குள் எத்தனை சர்வே எண் நம்முடையது என்று கேட்க எந்தச் சின்னமும் தேவையில்லை.

இப்போது தம்பிக்கு. நீ ஏன் போக நினைக்கிறாய் என்று போன தடவை யாரும் கேட்கவில்லை. அப்புறம் தனியாகக் கேட்டேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். 'அண்ணே, தெருவுல ஒரு அடிதடின்னு ஸ்டேஷனுக்குப் போனா நம்மள வாசல்ல நிக்க வைக்கிறான். கட்சிக்காரன் வந்தா உள்ள சேர் போடறான். எங்க சித்தப்பா பையன் கேஸ்ல மூணு நாள் எப்.ஐ.ஆர். போடல. வட்டத்துல யாருக்குப் போன் பண்றது? நீங்க பேங்க்ல இருப்பீங்க.'

பதில் சொல்ல முடியவில்லை தோழர்களே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஐப் பற்றி நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட நள்ளிரவில் காவல் நிலையத்தில் நின்றதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நாம் தினக்கூலிக்காரனைப் பார்த்துக் கைக்கூலி என்றோம்.

தம்பி, போகாதே என்றுதான் இன்னமும் சொல்வேன். அந்த நாற்காலி உனக்கில்லை, உன் கட்சிக் கரைவேட்டிக்கு. நாளைக்கு அடித்தவனும் அதே கரை கட்டியிருந்தால், ஒன்றியச் செயலாளர் உன்னைத்தான் சமாதானம் பேச அனுப்புவார். ராஜாவின் மசோதாவுக்கு நடந்தது உன் சித்தப்பா பையன் வழக்குக்கும் நடக்கும். ஆனால் போனாலும் உன்னைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தாதே.

கையோடு இரண்டு தாள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, தகவல் உரிமைச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு: இந்த வட்டத்துக் கிராமங்களின் 'அ' பதிவேட்டில் நிபந்தனைப் பட்டாவாக உள்ள பஞ்சமி நிலங்களின் சர்வே எண், பரப்பு, இப்போது யார் பெயரில். பத்து ரூபாய் வில்லை ஒட்டியாயிற்று. இன்னொன்று வெறும் அட்டவணை, ஏழு நாளும் ஏழு கட்டமும். ராத்திரி போன் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகிற ஆளின் பெயரும் எண்ணும் எழுத. செவ்வாயும் சனியும் என் பெயரை எழுதிவிட்டேன். சட்டக் கல்லூரித் தோழர்கள் முதலில் எழுதுங்கள். பேனா பின்வரிசைக்கும் போகட்டும்.