தனியார் மருத்துவக் கல்வி

உயர்தரப் பரீட்சையிற் சொற்ப புள்ளிகளால் மருத்துவபீடத்தை இழந்த பிள்ளையின் வீட்டில் தனியார் கல்லூரி பற்றிய பேச்சு எழுவது இயல்பே. காணியை விற்றேனும் கட்டணம் செலுத்தலாமெனப் பெற்றோர் துணிவர். ஆனால் அப்பட்டத்தை இலங்கை மருத்துவச் சபை பதிவுசெய்யுமா என்பதையன்றோ முதலில் அறிதல் வேண்டும்!

இந்நாட்டில் தனியார் மருத்துவக் கல்வி இருமுறை பெரும் பிணக்குக்கு இடமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் றாகமையில் எழுந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை, மாணவர் கிளர்ச்சியின் பின் 1989இல் அரசு பொறுப்பேற்றது. 1991இல் அங்கே களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடம் தோன்றியது.

பின்னர் மாலபேயில் எழுந்தது சைட்டம். அங்கே நோயாளர் அருகிருந்து பெறும் பயிற்சி போதாதென்பது மருத்துவச் சபையின் வாதம். அவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று. நோயாளர் இல்லாத வைத்தியசாலையில் எந்த ஆசிரியர்தாம் நோயறியக் கற்பிப்பார்? கல்லூரியின் மாடிகளைக் கண்டு மகிழும் பெற்றோர், அதன் வைத்தியசாலைக் கட்டில்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் பிணக்கின் சுமை முழுவதும் மாணவர் தலையிலேயே விழுந்தது. பட்டம் பெற்றவர் பதிவின்றி நின்றனர். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் உயர் நீதிமன்றமும் அவர்கள் சார்பிலே தீர்ப்பளித்தன. அதற்கிடையில் நிறுவனத்தை மூட அரசு தீர்மானித்துவிட்டது. கல்வி முடியாதிருந்தவர் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றப்பட்டு, அங்கே படிப்பைத் தொடர்ந்தனர்.