முதலில் சொல்லிப் பாருங்கள்

(மயிலாப்பூரில் கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘தேவையற்ற செயல்முறைகளைக் கட்டளை வழியே நிறுத்துதல்’. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இதே விஷயத்தில்தான் ஒரு மாணவியின் நாற்பது நிமிட உழைப்பை நான் அழித்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு. ஒரு மாணவி முதல் நிரலை எழுதி முனையத்தில் இயக்கினாள். வைல் மடக்கில் எண்ணை ஒன்று கூட்டும் வரியை விட்டுவிட்டாள். முடிவிலா மடக்கு. திரையில் 1, 1, 1 என்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஐடில் சாளரத்தில் இரண்டாவது நிரலைத் தட்டச்சு செய்திருக்கிறாள். கணினி திணறத் தொடங்கியதும், “சிஸ்டம் ஹேங் ஆகுது மிஸ்” என்றாள்.

எனக்கு அவசரம். இன்னும் பல பேரைப் பார்க்க வேண்டும். வேறொரு முனையத்தைத் திறந்து ‘பிகில்’, இடைவெளி, கழித்தல் குறியுடன் 9, இடைவெளி, ‘பைத்தான்’ என்று அடித்தேன். ஓட்டம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் வாடிக் கிடந்தது. “ரெண்டாவது புரோகிராமும் போச்சு மிஸ். இன்னும் சேவ் பண்ணல.”

என்ன நடந்தது? ‘பிகில்’ கட்டளை பெயரைக் கொண்டு தேடும். பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும். ஐடிலும் பைத்தானில் எழுதப்பட்ட ஒன்றுதான். அந்தக் கணினியில் அதன் செயல்முறைப் பெயரிலும் ‘பைத்தான்’ என்ற சொல் இருந்தது. ஒன்றை நிறுத்தப் போய் இரண்டையும் நிறுத்திவிட்டேன். அதுவும் 9 போட்டு.

இந்த 9 என்ன என்று பார்ப்போம். ‘கில்’ என்ற பெயர் நம்மை ஏமாற்றும். உண்மையில் அது ஒரு செயல்முறைக்குச் சமிக்ஞை அனுப்பும் கட்டளை. எண் எதுவும் தராவிட்டால் 15 ஆம் சமிக்ஞை போகும். ‘முடித்துக்கொள்’ என்று கேட்டுக்கொள்வது அது. நிரல் அதைப் பெற்று, திறந்திருக்கும் கோப்புகளை மூடி, தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு வெளியேறலாம். 9 அப்படியல்ல. அது நிரலின் காதுக்கே போகாது. கெர்னலே அந்தச் செயல்முறையை அகற்றிவிடும். சேமிக்க, மூட, எதற்கும் வாய்ப்பில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் இரவு கடை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். “நேரமாச்சு, மூடுங்க” என்றால் கடைக்காரர் கல்லாவை எண்ணி, சரக்கை உள்ளே எடுத்து வைத்து, ஷட்டரை இறக்குவார். அது 15. எதுவும் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்தால் எப்படி இருக்கும்? அது 9.

அப்படியானால் சரியான வரிசை என்ன? என் ஆய்வகச் சுவரில் இப்போது ஒட்டியிருப்பதைச் சொல்கிறேன்.

முதலில், நிரல் ஓடும் முனையத்திலேயே கண்ட்ரோல் சி. அன்று இதுவே போதுமாயிருந்தது. அதோடு, எந்த வரி ஓடிக்கொண்டிருந்தபோது நிரல் நின்றது என்பதையும் பைத்தான் காட்டும். பிழை எங்கே என்று மாணவரே கண்டுபிடிக்க அது ஒரு துப்பு. 9 போட்டால் அந்தத் துப்பும் கிடைக்காது.

கண்ட்ரோல் இசட் அழுத்திவிட்டு ‘நின்றுவிட்டது’ என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அது இடைநிறுத்தம் மட்டுமே. செயல்முறை நினைவகத்தில் அப்படியே இருக்கும். ‘ஜாப்ஸ்’ கட்டளை கொடுத்துக் காட்டுங்கள், நம்புவார்கள்.

இரண்டாவது, கண்ட்ரோல் சிக்கு மசியாவிட்டால் ‘டாப்’ கட்டளை. செயலியை அதிகம் எடுத்துக்கொள்வது மேலே நிற்கும். அதன் செயல்முறை எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘கில்’ போட்டு அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். சில வினாடிகள் பொறுங்கள்.

மூன்றாவது, பெயரால் நிறுத்தத்தான் வேண்டுமென்றால், முன்பாக ‘பிகிரெப்’ கட்டளையைக் கழித்தல் எல் சேர்த்து அதே பெயருடன் கொடுங்கள். யார் யார் மாட்டுவார்கள் என்று பட்டியல் வரும். எதையும் நிறுத்தாது. நான் அன்று தவறவிட்ட படி இதுதான்.

9 கடைசி. எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் மட்டும்.

“மாணவன் தவறுதலாகக் கணினியையே நிறுத்திவிட்டால்?” என்று கேட்பீர்கள். சாதாரணப் பயனர் கணக்கில் தன் செயல்முறைகளை மட்டுமே நிறுத்த முடியும். எல்லாவற்றுக்கும் தாயான 1 ஆம் எண் செயல்முறையிடம் அவர்கள் ‘கில்’ செல்லாது. ஆகவே மாணவர்களுக்கு நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தராதீர்கள். நாமும் தேவையில்லாமல் ‘சூடோ’ போட வேண்டாம்.

இதை ஏன் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டும்? 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது இங்கே அடையாறுக்குப் பக்கத்தில், தரமணியில் இருக்கும் சி-டாக் சென்னை மையம். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. ஆனால் கணினி திணறினால் பெரும்பாலோர் செய்வது பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான். அது 9-ஐவிட மோசம். ஒரு நிரலுக்காக எல்லாவற்றையும் அணைப்பது.

அடுத்த செய்முறை வகுப்பில் வேண்டுமென்றே ஒரு முடிவிலா மடக்கை எழுதச் சொல்லுங்கள். ஓடவிட்டு, அவர்களே நிறுத்தட்டும். பத்து நிமிடம் போதும். தேர்வன்று அவர்கள் கை நடுங்காது.

அந்த மாணவிக்கு அன்று கூடுதல் நேரம் கொடுத்தேன். மறுபடி எழுதி முடித்தாள். போகும்போது, “கண்ட்ரோல் சி-ன்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியாது மிஸ்” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் நான் சொல்லித்தரவில்லை என்று பொருள். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.