ஏலி சொல்லாத பதில்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலோடு பங்கு இல்லத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சாமி, எந்த குரூப்ல சேக்கலாம்?" கேட்பது அப்பா, இல்லையென்றால் அம்மா. பிள்ளை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாமுவேல் முதல் நூலின் மூன்றாம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருந்த சிறுவனை இரவில் ஒரு குரல் அழைக்கிறது. அவன் எழுந்து குரு ஏலியிடம் ஓடுகிறான். நான் அழைக்கவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறைதான் அந்த முதியவருக்கு உறைக்கிறது, அழைப்பவர் ஆண்டவர் என்று.

நாம் வழக்கமாகச் சாமுவேலைப் பற்றித்தான் மறையுரை ஆற்றுவோம். இன்று ஏலியைப் பார்ப்போம். சொந்தப் பிள்ளைகளைக் கண்டிக்காதவர் என்று விவிலியமே குறை சொல்லும் மனிதர் அவர். ஆனாலும் அந்த இரவில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். அழைப்பது யார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கிவிட்டு, சிறுவனை அவன் படுத்திருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார். கூடவே போய் அவனுக்காகத் தான் பேசவில்லை. எனக்கென்ன தெரியும், உன் இஷ்டம் என்று கைகழுவவும் இல்லை.

நம் வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்று, நாமே முடிவு செய்துவிடுகிறோம். இல்லையென்றால், "உன் இஷ்டம்" என்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வழிகளே தெரியாதபோது இஷ்டம் எங்கிருந்து வரும்?

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் மகனோடு வந்திருந்தார். "நான் பட்டது போதும் சாமி, இவன் இன்ஜினியர் ஆகணும், ஃபர்ஸ்ட் குரூப்தான்" என்றார். கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் உள்ள ஊர் அது. அந்த ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பையனிடம் தனியாகப் பேசினேன். சாயங்காலமானால் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறையில்தான் இருக்கிறானாம். இன்ஜினைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தலை நிமிர்ந்துவிட்டது. அப்பாவிடம் இதைச் சொன்னாயா என்றேன். "கடலுக்குப் போறேன்னு சொல்றதா நெனச்சுக்குவாங்க சாமி" என்றான்.

இருவரையும் உட்கார வைத்து வழிகளைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு இரண்டு ஆண்டுகள்; அங்கிருந்தும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போக வழி உண்டு. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃப்நெட் என்ற மத்திய அரசு நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. மீன்பிடிக் கப்பல்களுக்கான மரைன் ஃபிட்டர், வெசல் நேவிகேட்டர் பயிற்சிகளைப் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே தருகிறார்கள். தகப்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ டிப்ளமோ படிச்சாலும் இன்ஜினியர் ஆகலாமா சாமி?" என்றார். ஆகலாம் என்றேன். அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினோராம் வகுப்பில் எடுக்கும் பிரிவு சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை அடைக்கும். மருத்துவத்துக்கு உயிரியலும் நீட் தேர்வும் வேண்டும். வணிகவியல் எடுத்த பிள்ளை பிறகு நேரடியாகப் பொறியியலுக்குப் போக முடியாது, ஆனால் சி.ஏ.வுக்குப் போகலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். இதையெல்லாம் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வது வீண்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தது என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

பங்குத்தந்தையர்க்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பங்கில் செவிலியர் இருப்பார், மின்வாரியத்தில் வேலை செய்பவர் இருப்பார், ஆடிட்டர் அலுவலகத்தில், கப்பலில், வங்கியில் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அவர்களைப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். அறிவுரை வேண்டாம்; அது நம்மிடமே நிறைய இருக்கிறது. என்ன படித்தார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை வருடம் கழித்துச் சம்பளம் வந்தது, வேலையில் எது பிடிக்கவில்லை என்று சொன்னால் போதும். பெண் பிள்ளைகளும் அதே கூட்டத்தில் உட்காரட்டும். அவர்களுக்கென்று தனியாக டீச்சர், நர்ஸ் என்று இரண்டே வழிகளைக் காட்ட வேண்டாம்.

பணத்துக்குப் பயந்து படிப்பை நிறுத்துகிற பெற்றோரே, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுக் கலந்தாய்வு மூலம் பொறியியலில் சேர்கிறவர்களுக்கு அதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே போங்கள். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் அப்போதே சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.