மகளை நர்ஸாக்க நினைக்கும் அம்மாக்களுக்கு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். மேடைப் பேச்செல்லாம் எனக்கு வராது. "உன் பொண்ணு விஷயத்தைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னதால் வந்தேன்.

என் பெரியவள் பிளஸ் டூ முடித்ததும் நர்ஸ் ஆகணும் என்றாள். ஒரு பயிற்சி மையத்தில் "ஒரே வருஷத்தில் நர்சிங், உடனே வேலை" என்று போர்டு வைத்திருந்தார்கள். குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டினேன். படித்து முடித்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனாள். அங்கே கேட்டது ஒரே கேள்வி: "கவுன்சில் பதிவு எண் என்ன?"

அவளிடம் இல்லை. மையத்தில் போய்க் கேட்டால், "நர்சிங் அசிஸ்டன்ட்னுதானே போட்டிருக்கோம்" என்றார்கள். சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது. பிள்ளை மூணு நாள் சரியாச் சாப்பிடவில்லை. தவணை மட்டும் மாசாமாசம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நர்ஸ் ஆக மூணு வழி இருக்கிறது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கான படிப்பு இது. ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ மூணு வருஷம். பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். அதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கணும். அதனால் பத்தாவது முடித்ததும் குரூப் எடுக்கும்போதே யோசியுங்கள்.

படிப்பு முடிந்தால் மட்டும் போதாது. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்யணும். 1926-ஆம் வருஷச் சட்டப்படி வந்த கவுன்சில் அது. அங்கே பதிவானால்தான் சட்டப்படி நர்ஸ். அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கவும் அந்தப் பதிவு வேணும். நமக்குப் பக்கம் என்று ஆந்திராவில் சேர்க்கிறவர்களும் உண்டு. அங்கே படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பிறகு இங்கே மாற்றிப் பதியணும்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால் வங்கியில் கல்விக் கடனும் கேட்கலாம். 4 லட்சம் வரைக்கும் பொதுவாக அடமானம் கேட்பதில்லை.

என் பொண்ணை மறுபடியும் ஜி.என்.எம். சேர்த்தோம். "இன்னும் மூணு வருஷமா, கல்யாண வயசாச்சே" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் வீட்டுக்காரரே தயங்கினார். அவள்தான், "ஏமாந்த வருஷத்தோட நிறுத்திட்டா அதுதாம்மா நஷ்டம்" என்றாள். நான் ஓவர்டைம் பார்த்தேன். இன்றைக்கு அவள் பதிவு பெற்ற நர்ஸ். கவுன்சில் சான்றிதழ் வந்த அன்றைக்கு அந்தப் பழைய சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதுதான் பளபளப்பாக இருந்தது. ஆனால் பதிவு எண் புதியதில்தான் இருந்தது.

ஒரே வேண்டுகோள். குழுவில் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? படித்து முடித்தால் கவுன்சிலில் பதிய முடியுமா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். அங்கீகாரக் கடித நகலைப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எனக்குக் கடன் கொடுத்த அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்கணும் என்று எனக்கும் தெரியவில்லை. இனி நம்மில் யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.