மணமுறிவும் உயிலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மங்கலமான பொருளன்று. மணமுறிவு ஒன்று, மரணத்தை எண்ணி எழுதும் உயில் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுவானேன் என்று காரியதரிசியவர்களே முதலில் தயங்கினார்கள். ஆயினும், விவாக விடுதலை பெற்று, மக்களையும் உடையவர்கள் நம் குலத்தில் இன்று பலர் உளர். அவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவது அருகிவிட்டது. ஏன் அருகிற்று என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சையே வினவிக்கொள்ளல் வேண்டும். அவர்கள் பொருட்டே இதனைப் பேசத் துணிந்தோம்.

யாம் வழக்கறிஞரல்லேம், பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். எனினும் எழுத்து வேலையென்றால் பண்டிதர் வீட்டுக் கதவைத் தட்டுவது நம்மவர் வழக்கமாதலின், உயில் நகல்கள் சில எம் கைக்கும் வந்ததுண்டு. 'உயில்' என்பது ஆங்கிலச் சொல்லின் திரிபு. அதற்குத் தூய தமிழில் ஒரு பெயர் அமைத்து ஒருமுறை எழுதிக் கொடுத்தோம். பதிவு அலுவலகத்து எழுத்தர், இஃது என்ன பத்திரம் என்று வினவினாராம். அன்றுமுதல் உயில் என்றே எழுதி வருகின்றோம்.

மணம் முறிந்தால் முன் எழுதிய உயிலும் தானே முறிந்துபோம் என்று நம்மவருட் பலர் நம்புகின்றனர். அங்ஙனமன்று. 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, வேறோர் உயிலாலோ, உயிலைப் போன்றே சாட்சிகளோடு எழுதிய ரத்துப் பத்திரத்தாலோ, ரத்துசெய்யும் எண்ணத்தோடு எழுதியவரோ, அவர் முன்னிலையில் அவர் சொற்படி வேறொருவரோ கிழித்தோ எரித்தோ அழிப்பதாலோதான் இந்துக்களின் உயில் ஒழியும். நீதிமன்றத்தின் மணமுறிவுத் தீர்ப்பு அதனைத் தீண்டுவதில்லை. எம் உறவினர் ஒருவர், மணமான மூன்றாம் ஆண்டில், மனைவியின் பெயரைக் குறித்து வீட்டை எழுதிவைத்தார். பத்தாண்டு கழித்து இருவரும் பிரிந்தனர். அவ்வுயிலோ இரும்புப் பெட்டியில் உயிரோடு கிடந்தது! யாம் தற்செயலாய் வினவியிராவிடின் அவர் அதனை நினைத்தே இரார்.

நாமினிப் பெயர்களும் அத்தகையனவே. வங்கியில் நாமினியாயிருப்பவர் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் கைதானே. ஆனால் ஆயுள் காப்பீட்டில், 2015-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோரோ, கணவன் மனைவியரோ, மக்களோ நாமினியாயின் பணம் அவர்க்கே உரியதாம். பிரிந்தபின்னும் பழைய பெயரை மாற்றாது விடுவது வழக்குக்கு வித்திடுவதேயாம்.

இனி, உயிலே எழுதாது ஒருவர் இறந்தால்? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விடுதலை பெற்ற மனைவி விதவையாகாள், அவளுக்குப் பங்கில்லை. மக்களுக்கோ பங்கு உண்டு. அவர்கள் எவர் வீட்டில் வளர்ந்தாலும் உண்டு. நீதிமன்றம் அறுப்பது கணவன் மனைவி என்னும் தொடர்பை மட்டுமே.

ஈண்டு நம் குலத்துக்கே உரிய ஓர் இடரையும் சொல்லிவிடுவோம். பஞ்சாயத்தார் முன்னிலையில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு பிரிந்தவர் நம்மிடையே உளர். 1955-ம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் குல வழக்கப்படியான விடுதலையை முற்றும் மறுக்கவில்லை. ஆனால் அவ்வழக்கம் தொன்றுதொட்டு நிலவுவதென்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும். மெய்ப்பிக்க இயலாதாயின், அம்மணம் இன்னும் நிற்பதாகவே கொள்ளப்படும். பிரிந்துபோன மனைவியே விதவையாக வந்து பங்கு கேட்கலாம். ஆதலின் இத்தகையோர் உயிலில் 'என் மனைவி' என்று வாளா எழுதாது, இன்னார் மகள் இன்னார் என்று பெயரைத் தெளிவாக எழுதுக. நம் பெரியோர்கள் பத்திரம் எழுதி வைப்பதோடு நில்லாமல், நீதிமன்றத்துக்கும் செல்லுமாறு அவர்களுக்குச் சொல்லியனுப்புதல் நலம்.

எம் மனத்தை மிகவும் வருத்திய செய்திக்கு வருகின்றோம். ஜவுளிக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தாமே எழுதிய உயில் நகலைத் திருத்தக் கொண்டுவந்தார். அவர் மகனுக்கு வயது 9. தாயோடு பாட்டனார் வீட்டில் வளர்கின்றான். நீதிமன்ற உத்தரவுப்படி ஞாயிறுதோறும் தந்தையிடம் வருவான். உயிலின் முதற்பக்கம் முழுதும் தாயின்மீது வசைமாரி. இரண்டாம் பக்கத்தில், கடையும் அதன்மேல் மாடியும் தம் தம்பி மக்களுக்கு என்றிருந்தது. மகன் பெயர் எங்குமில்லை.

"மகனுக்கு எழுதினால் அது அவள் கைக்குத்தானே போகும், ஐயா?" என்றார்.

அவர் அச்சம் முழுதும் பொய்யன்று. தந்தை இறந்தால் மைனர் பிள்ளைக்குத் தாயே இயற்கைக் காப்பாளர். தந்தை உயிலில் வேறொருவரைக் காப்பாளராக நியமித்தாலும், தாய் உயிரோடிருக்கும்வரை அந்நியமனம் பயன்படாது என்பது 1956-ம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டம். ஆனால் காப்பாளர் நிலத்தையும் வீட்டையும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடகுவைக்கவோ இயலாதென்று அச்சட்டமே காவலும் இட்டிருக்கின்றது. ரொக்கத்துக்கும் நகைக்குமே அத்தகைய காவல் இல்லை. அன்றியும், மைனர் மகனை அறவே விலக்கி எழுதினாலும், சொத்தைப் பெறுவோரிடமிருந்து அவன் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை அழியாது. இவற்றையெல்லாம் சொல்லி, "தம்பி, இந்தக் கடையை யாருக்காகக் கட்டினீர்?" என்றோம். அவர் விடையிறுக்கவில்லை.

வழி எளிதே. சொத்தை நேரே பிள்ளை கையில் வையாது, நம்பத்தக்க இருவரை டிரஸ்டிகளாக நியமித்து, அவர்கள் பெயரில் பிள்ளையின் பொருட்டு வைக்கலாம். மாடி வாடகையிலிருந்து ஆண்டுதோறும் பள்ளிச் சம்பளத்தை அவர்களே செலுத்தவும், 18 வயது நிரம்பியதும் அனைத்தையும் அவனிடம் ஒப்புவிக்கவும் எழுதினோம். தம் தமக்கையாரையும் பக்கத்துக் கடைக்காரரையும் டிரஸ்டிகளாகக் குறித்தார்.

தாய்மார்களுக்கும் இதுவே வழி. மக்களைத் தனியே வளர்க்கும் தாய் இறந்தால் தந்தையே காப்பாளராவார். அவர் அத்தகுதியை இழந்திருந்தாலன்றி, தாய் உயிலில் வேறொருவரை நியமித்தல் செல்லாது. சொத்தையேனும் டிரஸ்டிகளிடம் வைத்துக் காக்கலாம்.

வசைப் பக்கத்தை நீக்குமாறு சொன்னபோதுதான் அவர் சினந்தார். "இவ்வெழுத்து நீர் இல்லாத காலத்தில் உம் மகன் படிக்கப்போவது, அவன் அப்போதும் அவளுக்கு மகன்தான்" என்றோம். தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழிந்து வந்தார், முதற்பக்கம் இல்லை.

முத்திரைத்தாள் வேண்டியதில்லை; வெள்ளைத்தாளிலேயே எழுதினோம். பயன்பெறாத இருவர் அவர் கையெழுத்திடக் கண்டு, அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட்டனர். பதிவு கட்டாயமன்றாயினும், பிற்காலத்து ஐயத்தைக் குறைக்குமென்று பதிவுசெய்வதாக முடிவாயிற்று. புறப்படுமுன் ஒருவரி சேர்க்கவேண்டுமென்று அவர் கேட்டதால், கடைசித் தாளை மீண்டும் எழுதி, சாட்சிகளையும் மீண்டும் அழைக்க நேர்ந்தது. ஞாயிறுதோறும் தாமும் மகனும் ஆடும் சதுரங்கப் பலகையை, 18 வயதுவரை காத்திராமல், உடனே அவனிடம் சேர்ப்பிக்கவேண்டும் என்பது அவ்வரி. "இதற்கு மட்டும் டிரஸ்டி வேண்டா, ஐயா, அவன் அம்மாவிடமே கொடுத்துவிடட்டும்" என்றார்.